பச்சைக்குக் கீழே மஞ்சள்

அவரை முதலில் பார்த்தது ஒரு மார்கழிக் காலையில், காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில். என் பைக்கின் முன்சக்கரம் எனக்கே சரியாகத் தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பிரேக் பிடித்து நின்றேன். முழுக்கை மஞ்சள் சட்டை போட்ட ஒரு வயதானவர் நடுச்சாலையில் இரண்டு கைகளையும் விரித்து என்னை மறித்துக்கொண்டு நின்றார். முன்னால் ஏதோ விபத்து போலிருக்கிறது என்று இறங்கினேன்.

"இன்னா கலர் வண்டி இது?" என்று கேட்டார்.

"கறுப்புங்க."

"ஜாக்கெட்டு?"

அதுவும் கறுப்புதான்.

"கறுப்பு வண்டி, கறுப்பு ஜாக்கெட்டு, இந்தப் பனி. பள்ளத்துல உருண்டு கெடந்தா உன்ன எவன் கண்டுபுடிப்பான்?"

எதிரே வருகிற லாரிக்காரன் இடித்துவிடுவான் என்று சொல்லியிருந்தால் அது ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சு. இவர் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேசினார். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கிழட்டு மனிதர், பொழுதுபோகவில்லை என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்துவிட்டார். நான் ஜமுனாமரத்தூரில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் ஆசிரியர். கறுப்பு பைக் வைத்திருக்கிற வாத்தியார் வீடு எது என்று விசாரித்திருக்கிறார். கையில் அரை லிட்டர் மஞ்சள் பெயின்ட், இரண்டு அங்குல பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மட்கார்டைத் தேய்த்து, துடைத்து, அடிக்க ஆரம்பித்தார். பிரஷ் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கோடு போட்டாற்போல ஓரம் வந்தது. பிறகு ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கி அதன் பின்பக்கமும் ஒரு பட்டை.

"இப்போ சரி. இனிமே நீ தொலைஞ்சாலும் கெடைப்பே" என்று எழுந்தார். என் மனைவி செல்விக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் அவர் எங்களுக்குப் பழக்கமானார். மலையில் அவரை 'மஞ்சக்காரர்' என்பார்கள். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர் அவருக்கு. வாலிபத்தில் விமானப்படையில் ஒன்பது வருடம் இருந்தவர் என்று கேள்வி. அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சாப்பாட்டுக் கூடத்துல" என்பதோடு முடித்துக்கொள்வார். திரும்பி வந்து வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயம் ஏற்றும் பகுதியில் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார். மனைவி போன பிறகு, ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் எவ்வளவோ கூப்பிட்டும் போகாமல், மலைக்கு வந்து ஒற்றை அறை எடுத்துத் தங்கினார்.

"ஏன்யா, இங்க இன்னா இருக்குதுன்னு வந்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊர்ல ஒருத்தன் காணாம பூட்டான்னா போலீஸ் தேடும். காட்ல காணாம பூட்டா யாரு தேடுவா?" என்றார். நான் கேட்ட கேள்விக்கு அது பதில் மாதிரி இல்லை. ஆனால் அவர் அதைப் பதிலாகத்தான் சொன்னார்.

அவர் மஞ்சள் அடித்தவற்றுக்குக் கணக்கில்லை. தரைமட்டத்தில் வாய் திறந்து கிடந்த பழைய கிணறுகளின் விளிம்பு. ஊருக்கு வெளியே உள்ள குடிசைகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இருபதடிக்கு ஒரு கல். கடுக்காய் பொறுக்கப் போகிற பெண்களின் கூடைப்பிடி. காட்டில் கல்லுக்குப் பெயின்ட் அடிக்கக்கூடாது என்று ஒரு வனக்காவலர் வந்து சத்தம் போட்டார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அந்தக் காவலர் டீ குடித்துவிட்டு வெளியே வருவதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிளின் மட்கார்டு மஞ்சளாகியிருந்தது.

சின்னப்பொண்ணு என்கிற அம்மாவிடம் பதினைந்து ஆடுகள் இருந்தன. ஒரு நாள் பட்டியில் புகுந்து ஆட்டுக் கொம்புகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிவிட்டார்.

"இன்னாத்துக்குய்யா என் ஆட்டுக்குப் பூசுன? இது இன்னா மாட்டுப் பொங்கலா?" என்று அந்த அம்மா சண்டைக்கு வந்தது.

"காட்ல பூந்து காணாம பூடுச்சின்னா?"

"என் ஆடு எங்க பூடும்? பொழுது சாஞ்சா அதுவே வந்துடும்."

"வராத அன்னிக்கி?"

அந்த அம்மா திட்டிக்கொண்டே போய்விட்டது. அந்த வருடமே நான்கு ஆடுகள் திருட்டுப் போயின. செங்கம் சந்தையில் கொம்பை வைத்து அடையாளம் கண்டு மீட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு அவர் அறைக்கே வர ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் பார்த்திருக்கிறேன். அதுவும் ரொம்ப நேரம் நிற்காது. கொம்பில் பூசிக்கொண்டிருக்கும்போதே பார்வை எங்கேயோ போய்விடும்.

எங்கள் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஞாயிறு பிற்பகல், அவர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பிள்ளைகள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாழினி ஒளிகிற முறை. தேடின பிள்ளைகள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, அலுத்துப்போய், அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பாப்பா எங்க?" என்று கேட்டார்.

"ஒளிஞ்சிகினு இருக்கும்யா. வந்துடும்" என்றாள் செல்வி.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாப்பா" என்று ஒருமுறை கூப்பிட்டார். பதில் இல்லை. எழுந்து வெளியே போய் மறுபடி கூப்பிட்டார். அவருடைய குரல் மாறியதை நான் உள்ளேயிருந்தே உணர்ந்தேன். வெளியே வந்து பார்த்தால் மனிதர் விறகுக் குவியலைக் கலைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தார். "விளையாட்டுக்குத்தான்யா" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் சாமை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு சிரித்துக்கொண்டே யாழினி வெளியே வந்தாள். ஓடிப்போய்க் கன்னத்தில் அறைந்தார்.

"கூப்டா கத்த மாட்டியா? கூப்புடறது காதுல வுழுதுல்ல? கத்த மாட்டியா?"

குழந்தைக்கு அழுகைகூட உடனே வரவில்லை. அவர் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வி மகளைத் தூக்கிக்கொண்டாள். "இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்க வாணாம்னு சொல்லிடுங்க" என்று என்னிடம் சொன்னாள், அவர் காதுபடவே. அவர் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் போனார். செருப்பை நான் பிறகு கொண்டுபோய் அவர் அறை வாசலில் போட்டேன். உள்ளே கூப்பிடவில்லை. நானும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து அவரை டீக்கடையில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவேன். அவ்வளவுதான்.

நான்கைந்து மாதம் கழித்து விமானம் வந்தது. ஜமுனாமரத்தூருக்குச் சற்றுத் தள்ளி, காட்டோரமாக ஒரு உறைவிடப் பள்ளி இருக்கிறது. அதன் தாளாளருக்கு, பள்ளி வளாகத்தில் ஒரு பழைய பயிற்சி விமானத்தை நிறுத்தவேண்டும் என்று ஆசை. போர் விமானிகள் முதலில் கற்றுக்கொண்ட வகை. முன்னால் ஒரே காற்றாடி, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரும் இடம். எங்கேயோ கிடங்கில் பல வருடம் கிடந்ததை, இறக்கைகளைக் கழற்றித் தனித்தனியாக லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் திண்டாடித் திண்டாடி மேலே கொண்டுவந்தார்கள். பூட்டுகிற வேலைக்கும் தேய்க்கிற வேலைக்கும் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேற்பார்வைக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய விமானங்களைச் சீர்செய்து நிறுத்துவதே வாழ்க்கை என்று இருப்பவர். நல்ல மனிதர், சாப்பாடு தூக்கம் இல்லாமல் வேலை செய்வார். பையில் ஒரு கொத்து வண்ண அட்டைகள், ஒரு பூதக்கண்ணாடி. முதல் நாள் அவர் என்னிடம் உப்புத்தாளைக் கொடுத்து, வால் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மெதுவாகத் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்க வளையம் வளையமாக நிறம் வந்தது. மேலே வெள்ளி நிறம். அதற்குக் கீழே மங்கலான பச்சையும் மண்பழுப்பும். அதற்கும் கீழே பளீரென்று மஞ்சள்.

"பாருங்க" என்றார் அவர். "பயிற்சி விமானம்னா மஞ்சள்தான். தூரத்திலேயே தெரியணும், மற்றவங்க ஒதுங்கிப் போகணும். ஆனா எழுபத்தொண்ணு யுத்தத்தப்போ மேலேருந்து குண்டு போடுவாங்கன்னு அவசர அவசரமா இந்தப் பச்சையையும் பழுப்பையும் அடிச்சிருக்காங்க. சண்டை முடிஞ்சதும் அதை மூடிட்டாங்க. நாம யுத்தகாலத்து நிறத்தைத்தான் கொண்டுவரப் போறோம். சரியா, அப்படியே. கலர் தப்பா இருந்தா அது பொய். பொய்யைப் பிள்ளைங்களுக்குக் காட்டக்கூடாது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் இரண்டு இறக்கைகளையும் நானே முழுக்கத் தேய்த்து, வெறும் தகடாக்கினேன். மூக்கு, காது, தலைமயிர் எல்லாம் பச்சைத் தூசு.

டீக்கடையில் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த மஞ்சக்காரர், "இன்னா வேல இது?" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். "அடியில மஞ்சளா?" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை பள்ளிக்கு வந்து நின்றார். விமானத்தைச் சுற்றி வரவில்லை. நேரே வால் பக்கம் போய், நான் தேய்த்திருந்த வளையத்தில் நகத்தை வைத்துப் பச்சையைச் சுரண்டிப் பார்த்தார். பெங்களூர்க்காரர் ஓடிவந்து, "தொடாதீங்க பெரியவரே, அது சாம்பிள்" என்றார்.

"ஸ்ப்ரே கன்னுல அடிச்சது இல்ல இது. பிரஷ்ஷு" என்றார் இவர். "கடையில கெடைச்ச கதவு ஜன்னல் பச்சை. அதுல கொஞ்சம் கறுப்பு. பளபளன்னு இருக்கக்கூடாதுன்னு சாக்கட்டியப் பொடி பண்ணிக் கலந்தது."

பெங்களூர்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சர்வீஸ்ல இருந்தீங்களா? என்ன வேலை?"

"பெயின்ட்டர்."

சாப்பாட்டுக் கூடம் என்று இத்தனை வருடம் சொன்னவர் இவர்தானா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெங்களூர்க்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்போனில் பதிவு செய்துகொண்டே கேள்வி மேல் கேள்வி கேட்டார். இந்த விவரமெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, நீங்களே இதை அடித்துக்கொடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். இவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து வந்து ஒரு சேதி சொன்னார்.

"சார், எங்க தளத்துல எட்டு வண்டி இருந்துது. ஏழுக்கு முழுசா அடிச்சோம். எட்டாவது வண்டிக்குப் பெயின்ட்டு பத்தல. உடம்புக்கும் வாலுக்கும் அடிச்சிட்டு ரெண்டு ரெக்கையும் மஞ்சளாவே வுட்டுட்டோம். இது அந்த வண்டி."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"மூக்குக்குக் கீழ ஒரு ஒட்டு கீது பாருங்க. அது எனக்குத் தெரியும்."

பெங்களூர்க்காரர் பரவசமாகிவிட்டார். பச்சை உடம்பு, மஞ்சள் இறக்கை. அப்படி ஒரு விமானம் எங்குமே இல்லை. ஆனால் அவர் ஒழுங்கான மனிதர். ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து எதையும் செய்யமாட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இறக்கையைத் தேய்ச்சது நீங்கதானே. பச்சை இருந்ததா, இல்லையா?"

தேய்த்தாகிவிட்டது. தகடுதான் மிச்சம். தூசு காற்றோடு போய்விட்டது. என் வாய் ஒன்றுதான் சாட்சி. இவரும் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கண் காட்டவில்லை. சும்மா பார்த்தார்.

"இருந்துது சார். ரெண்டு ரெக்கையிலயும் இருந்துது" என்றேன்.

உண்மையைச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய்யைப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது என்று அந்த மனிதர் சொன்னது மனதில் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அந்த நொடியில் என் மகளின் கன்னம் என் நினைவில் வரவே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மஞ்சக்காரர் கோபப்படவில்லை. "அப்போ நான்தான் மறந்துட்டேன். வயசாச்சு" என்றார். பெங்களூர்க்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. நீங்கள் சிரமப்பட வேண்டாம், ஆலங்காயத்திலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார்.

"வாணாம் சார். நான் அடிச்சதுதான். நானே அடிக்கிறேன்."

ஐந்து நாள் அடித்தார். நான்கு அங்குல பிரஷ். பச்சையும் பழுப்பும் சேருகிற இடத்தில் கோடு தெரியக்கூடாது என்று பழைய சாக்குத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பெங்களூர்க்காரர் தன் வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், ஒன்றும் சொல்ல இருக்காது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை.

மூன்றாம் நாள், வலது இறக்கையில் அடித்துக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"எனக்கு இருவத்தோரு வயசு வாத்தியாரே. வடக்க, சுத்தியும் காடு மலைன்னு ஒரு தளம். வண்டிங்க எல்லாத்தையும் ரெண்டு நாள்ல மறைக்கணும்னு ஆர்டரு. தூங்காம அடிச்சோம். முடிஞ்சதும் எங்க ஆபீசரு என்னத் தண்ணி டேங்க் மேல ஏத்தி, 'உன் வேலைய நீயே பாரு'ன்னாரு. கீழ எட்டு வண்டி நிக்கிது. எனக்கு ரெண்டுதான் தெரிஞ்சுது. முதுகுல தட்டிக் குடுத்தாரு. அந்த மாதிரி சந்தோஷம் அதுக்கு முன்னாடியும் எனக்கு இல்ல, அப்பறமும் இல்ல."

பிரஷைத் தோய்த்தார். விளிம்பில் வழித்தார்.

"அடுத்த வாரம் ஒரு வண்டி போச்சு. சொல்லிக்குடுக்கிறவரு ஒருத்தரு, கத்துக்குற பையன் ஒருத்தன். திரும்பி வரல. ஆறு நாள் தேடுனாங்க. தெனமும் மூணு, நாலு வண்டி கெளம்பிப் போயி அந்தக் காட்டு மேல சுத்தும். எங்கயும் காணோம்னு வந்துடும். ஏழாவது நாளு வெறகு வெட்டுறவங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. வண்டியப் பிரிச்சி எடுத்தாரணும்னு ஆளுங்கள அனுப்புனாங்க. அதுல நானும் போனேன்."

நான் ஏணியைப் பிடித்திருந்தேன். பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்பு மாறிப் போகிற சத்தம் அடங்கும்வரை அவர் பேசவில்லை.

"முன்னால உக்காந்திருந்தவரு அன்னிக்கே போயிட்டாரு. பையன் அப்படி இல்ல. ரெண்டு காலும் நசுங்கி மாட்டிகினு இருந்துது, வெளிய வர முடியல. ஆனா நாலஞ்சு நாள் உசுரு இருந்துருக்குது. எப்படித் தெரியும்னு கேளு. அவன் கைக்கு எட்டுற எடத்துல, வெளிப்பக்கம், பெல்ட்டு பக்கிளால பச்சையச் சொரண்டியிருக்கான். அடியில மஞ்ச இருக்குன்னு அவனுக்குத் தெரியும்ல. அந்த மஞ்சளைத் தொறந்து வெச்சா மேல சுத்துறவன் பாப்பான்னு. சோறு துன்ற தட்டு இருக்கே, அந்த அகலத்துக்குச் சொரண்டியிருக்கான். அதுக்கு மேல முடியல போல."

கீழே இருந்த பெயின்ட் டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"பக்கத்து ஊர்க்காரங்க சொன்னாங்க. தெனமும் அந்த மலைக்கு மேலதான் பிளேன் சத்தம் கேட்டுதாம். அவன் தலைக்கு மேலயே சுத்தியிருக்காங்க." மறுபடி பிரஷைத் தோய்த்தார். "ஒரு கோட்டு பெயின்ட்டு போதும்னாங்க வாத்தியாரே. நேரமில்ல, ஒரு கோட்டு அடிச்சி வுடுன்னாங்க. நான்தான், வேல சுத்தமா இருக்கட்டும்னு ரெண்டு கோட்டு அடிச்சேன்."

அவர் அந்த இறக்கையின் நுனிவரை அடித்து முடித்தார். இறங்கியதும் நான், "முன்னாடியே என்னாண்ட சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன்.

"சொல்லியிருந்தா எனக்காவ நீ பொய் சொல்லியிருப்பே."

"இப்போகூடப் போய்ச் சொல்றேன். ரெக்கைய மஞ்சளா வுடச் சொல்லிக் கேக்குறேன். அந்த சார் நல்ல மனுசன்தான்."

"வாணாம். அவரு சொல்றது நெஜம்தானே. அன்னிக்கி அது பச்சையாத்தான் இருந்துது. அதான விஷயமே" என்றார். பிறகு, "எட்டாவது வண்டிக்குப் பெயின்ட்டு பத்தலன்னு எத்தனையோ வாட்டி நெனச்சிப் பாத்திருக்கேன். எட்டுக்குமே பத்தலன்னு. நெனச்சி நெனச்சி ஒருவேளை அப்படித்தான் நடந்துதோன்னுகூட ஆயிடும். நீ சொன்னது நல்லதுதான்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். மறுநாள் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் தூக்கில் போட்டுக் கொடுத்து, "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றாள். தூக்கை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டார். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. "பாப்பா பயந்துக்கும்" என்றார்.

திறப்பு விழாவுக்கு அவருக்குப் பொன்னாடை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று காலை முதல் பஸ்ஸிலேயே ஆலங்காயத்துக்கு இறங்கிவிட்டார். பொன்னாடையை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்ததை மடிப்புப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் மஞ்சள் அடிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, கையில் காயம் ஒன்றுமில்லை. சும்மா விட்டுவிட்டார். சின்னப்பொண்ணு அம்மா புதுக் குட்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, உடம்பு முடியல, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அந்த வருட மழையில் பாதைக் கற்களின் நிறம் பாதி உரிந்துபோயிற்று. மஞ்சள் சட்டையும் போடுவதில்லை. யாரோ கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டரில், டீக்கடை பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருப்பார். பல நாள் நான் கவனிக்காமலே கடந்து போயிருக்கிறேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன். "வா வாத்தியாரே" என்பார். நான் திரும்பி வந்ததை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அடுத்த ஐப்பசியில் நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திருப்பத்தூருக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டார். கடைசியில் பேச்சு இல்லை. சொந்த ஊர்க் கல்லறையில், மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் போயிருந்தோம். ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் கிணற்றைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அறையைக் காலி செய்ய மகள் வந்தது பிப்ரவரியில். அம்மா முகம் என்று நினைக்கிறேன், அவர் சாயல் இல்லை. பாத்திரம், துணி, ஒரு ஜெபமாலை, பிரிக்காத பொன்னாடை. எல்லாவற்றையும் இரண்டு பைகளில் அடக்கிவிட்டாள்.

"அண்ணா, டீக்கடையில ஒண்ணு சொன்னாங்க. ஸ்கூல்ல இருக்கிற பிளேனுக்கு அப்பாதான் பெயின்ட் அடிச்சாராமே" என்று கேட்டாள். "அப்பா மெஸ்ஸுல இருந்தேன்னுதான் எங்ககிட்ட சொல்லியிருக்காரு. அவருக்கு பிளேன் வேலையெல்லாம் தெரியுமா?"

நான் ஒருமுறை கேட்டதற்கு உண்மையைச் சொன்னவன். இந்தத் தடவை பாதி சொன்னேன்.

"தெரியும்மா. ரொம்ப சுத்தமா அடிப்பாரு."

பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். பள்ளிக்கு அன்று விடுமுறை. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். விளையாட்டுத் திடலுக்கு அந்தப் பக்கம், காட்டுச் சரிவை ஒட்டிய மேட்டில்தான் விமானத்தை நிறுத்தியிருக்கிறார்கள். புல்லெல்லாம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. நடுநடுவே புதர்கள் பச்சையாக இருந்தன. வெயில் நன்றாக இருந்தது, பனி இல்லை, விமானம் நேர் எதிரேதான் இருந்தது.

"எங்கண்ணா?" என்றாள்.

"அதோ. அந்த மூங்கிலுக்கு இடது பக்கம்மா."

நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் காட்டினேன். அவள் கண்கள் மேட்டின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்பின.

"மரந்தான் தெரியுது" என்றாள்.

"கிட்ட போலாம் வாம்மா" என்றேன்.